பிள்ளையின் உயரத்தையும் கேளுங்கள்: சிங்கப்பூர் பேக்கேஜ் விற்கும் பயண முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி, சென்னை, மதுரை, கோவையிலிருந்து சிங்கப்பூர், மலேசியா பேக்கேஜ் போட்டுத் தரும் பயண முகவர்களுக்கு,

வணக்கம்.

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கும்போதே உங்கள் வாட்ஸ்அப்பிலிருந்து கொட்டேஷன்கள் கிளம்பத் தொடங்கிவிடும். 3 இரவு 4 பகல், சிட்டி டூர், நைட் சஃபாரி, செந்தோசா, யூனிவர்சல் ஸ்டுடியோஸ், இரவு இந்தியச் சாப்பாடு. அடியில் ஒரு வரி: 2 அடல்ட், 1 சைல்ட் வித் பெட், 1 சைல்ட் நோ பெட். பிள்ளைகளைப் பற்றி உங்கள் படிவம் கேட்பது அவ்வளவுதான். வயது 2-லிருந்து 11-க்குள் இருக்கிறதா, தனிக் கட்டில் வேண்டுமா. இந்த மடல் அந்த ஒரு வரியைப் பற்றியது. அதில் உயரம் என்று இன்னொரு கட்டம் சேருங்கள், அதைப் பார்த்த பிறகு பூங்கா டிக்கெட்டைப் போடுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை.

முதலில் வயதையே எடுத்துக்கொள்வோம். 2 முதல் 11 என்பது விமான நிறுவனங்களின் கணக்கு. 12 வயது நிறைந்துவிட்டால் விமானத்தில் பெரியவர் கட்டணம். அந்தக் கணக்கை அப்படியே பேக்கேஜ் முழுவதற்கும் இழுத்துவிடுகிறீர்கள். ஆனால் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் குழந்தை டிக்கெட் 4 முதல் 12 வயது வரை. நைட் சஃபாரி, உயிரியல் பூங்கா, ரிவர் வொண்டர்ஸ், பேர்ட் பாரடைஸ் என்று மண்டாயில் இருக்கும் எல்லாவற்றிலும் 3 முதல் 12. கார்டன்ஸ் பை த பே-யிலும் 3 முதல் 12. ஆகவே ஏழாம் வகுப்புப் படிக்கும் 12 வயதுப் பிள்ளைக்கு விமானத்தில் மட்டும்தான் பெரியவர் கட்டணம். இறங்கிய பிறகு நீங்கள் சேர்க்கும் முக்கிய இடங்கள் எல்லாவற்றிலும் அவன் குழந்தைதான். கொட்டேஷனில் அவனை மூன்றாவது அடல்ட் ஆக்கிவிட்டால் ஒவ்வொரு வாசலிலும் குடும்பம் கூடுதலாகக் கொடுக்கிறது. அந்த வித்தியாசம் யார் கைக்குப் போகிறது என்று நாங்கள் துருவப் போவதில்லை. பெரும்பாலும் அது கவனக்குறைவுதான்.

3 வயதுப் பிள்ளைக்கு இது தலைகீழ். விமானத்தில் சீட்டு உண்டு, கட்டணமும் உண்டு. யூனிவர்சலில் 4 நிறையும் வரை நுழைவு இலவசம். மண்டாயில் டிக்கெட் வாங்க வேண்டும். “சின்னப் பிள்ளைக்கு எல்லாம் ஃப்ரீ சார்” என்று போனில் சொல்லிவிட்டால், நைட் சஃபாரி கவுன்டரில் கையிலிருந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) எடுத்துக் கொடுக்க வேண்டி வருகிறது. “சைல்ட் ரேட் ஒன்றுதான்” என்று போட்டுவிட்டால் யூனிவர்சலுக்கு வீணாகக் கட்ட வேண்டி வருகிறது. பூங்கா வாசலில் பார்ப்பது உள்ளே போகும் நாளின் வயது. முன்பதிவு செய்த நாளின் வயது அல்ல. பயணத்துக்கு நடுவே பிறந்தநாள் வந்தால் அதற்குத் தக்கபடி நாளை மாற்றிப் போடுவது உங்களுக்கு ஐந்து நிமிட வேலை. எந்தப் பக்கம் சந்தேகம் வந்தாலும் பிள்ளையின் பாஸ்போர்ட் நகல் கையில் இருந்தால் போதும்.

இனி உயரம். வாசலில் பார்ப்பது வயது, ரைடில் பார்ப்பது உயரம். ஒவ்வொரு ரைடின் வரிசை முகப்பிலும் அளவுகோல் நிற்கிறது. பணியாளர் பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பார். ஒரு செ.மீ. குறைந்தாலும் விடமாட்டார். கெஞ்சினாலும் இல்லை, டிக்கெட்டைக் காட்டினாலும் இல்லை. கொண்டையும் குடுமியும் கணக்கில் வராது. பாதுகாப்புப் பட்டை எந்த உடல் அளவுக்கு இறுகுமோ அதற்கேற்ப வைத்த அளவு அது. அங்கே நின்று சண்டை போடுவதில் நியாயமும் இல்லை. சண்டை போட வேண்டிய இடம் உங்கள் கொட்டேஷன்.

யூனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரில் நினைவில் வைக்க வேண்டிய எண்கள் ஆறு: 92, 100, 102, 107, 122, 125. 92 செ.மீ. தொட்டால் எஞ்சான்டட் ஏர்வேஸும் கேனபி ஃபிளையரும் திறக்கும். 100-ல் புஸ் இன் பூட்ஸ். 102-ல்தான் பலர் விளம்பரத்தில் பார்த்துவிட்டு வரும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும், 2025 பிப்ரவரியில் திறந்த மினியன் லாண்டின் முக்கிய ரைடான மினியன் மேஹெமும். 107-ல் ஜுராசிக் பார்க் ரேபிட்ஸ் என்ற தண்ணீர் ரைடு. 122-ல் இருட்டுக்குள் ஓடும் மம்மி ரோலர் கோஸ்டர். 125-ல் வாசலிலிருந்தே தெரியும் சிவப்பு, நீல இரட்டை ரோலர் கோஸ்டர், பேட்டில்ஸ்டார் கலாக்டிகா.

92-க்குக் கீழே ஒன்றும் இல்லை என்று அர்த்தமல்ல. செசமி ஸ்ட்ரீட் ரைடு, மினியன் லாண்டில் பக்கி பூகியும் சில்லி ஸ்விர்லியும், டைனோசர் பகுதியில் டைனோ சோரின், எகிப்துப் பகுதியில் பழைய ஜீப்பில் சுற்றிவரும் ட்ரெஷர் ஹன்டர்ஸ் ஆகியவற்றில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தால் சின்னப் பிள்ளையும் போகலாம். தெருவில் நடக்கும் ஆட்டம் பாட்டம், பொம்மை வேடக்காரர்களோடு படம் எடுப்பது ஆகியவற்றுக்கு உயரம் தேவையில்லை. 3 வயதுக்கு அது நிறைவான நாள்தான். ஆனால் அவனுக்கு நுழைவே இலவசம். பணம் பெற்றோரின் டிக்கெட்டில் போகிறது. அந்தப் பணத்துக்கு அவர்கள் என்ன பார்ப்பார்கள் என்பதைச் சொல்லி விற்க வேண்டும்.

இந்த எண்களை வயதோடு பொருத்திப் பார்த்தால் சிக்கல் எங்கே என்று புரியும். உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 4 வயது நிறைந்த பிள்ளையின் நடு உயரம் சுமார் 103 செ.மீ. 5 வயதில் 110-ஐ ஒட்டி, 6-ல் 115 அல்லது 116, 7-ல் 121, 8-ல் 127. நடு உயரம் என்றால் பாதிப் பிள்ளைகள் அதற்குக் கீழே என்று பொருள். டிக்கெட்டுக்குக் காசு வாங்கத் தொடங்கும் 4 வயதில் கிட்டத்தட்டப் பாதிப் பிள்ளைகள் 102-ஐத் தாண்டியிருக்க மாட்டார்கள். 7 வயது நிறைந்த பிள்ளைகளில் பாதிக்கு மேல் மம்மியில் ஏற முடியாது. பேட்டில்ஸ்டாரை எட்டுவதற்கு முக்கால்வாசிப் பேருக்கு எட்டு, ஒன்பது வயது ஆகிவிடும். வீட்டில் பெற்றோர் உயரம் குறைவு என்றால் இன்னும் ஓராண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். எல்.கே.ஜி. பிள்ளைக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் குழந்தை டிக்கெட் ஒரே விலை. ஒருவருக்குப் பூங்கா முழுவதும் திறந்திருக்கும். இன்னொருவருக்குப் பெரிய ரைடுகள் கிடையாது.

ஆகவே அட்வான்ஸ் வாங்குவதற்கு முன் உயரம் கேளுங்கள். “எவ்வளவு இருப்பான்?” என்று கேட்டால் “என் இடுப்புக்கு மேலே வருவான்” என்றுதான் பதில் வரும். அளக்கும் முறையையும் சொல்லிக் கொடுங்கள். செருப்பில்லாமல் குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்க வைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, அதன் அடி விளிம்பில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து டேப் பிடித்துச் செ.மீ.-யில் அனுப்பச் சொல்லுங்கள். அடிக்கணக்கில் வாங்காதீர்கள். மூன்றரை அடி என்றால் 106.7 செ.மீ.; 107-க்கு மயிரிழையில் தவறும். மாலையில் அளப்பது நல்லது; காலையில் எழுந்ததும் யாருக்கும் உயரம் சற்றுக் கூடுதலாகத்தான் இருக்கும். பள்ளி ரிப்போர்ட் கார்டில் உள்ள உயரம் கல்வியாண்டுத் தொடக்கத்தில் எடுத்தது, அதை நம்ப வேண்டாம். இந்த வயதில் ஆண்டுக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வார்கள். ஆறு எண்களில் ஏதோ ஒன்றுக்கு இரண்டு செ.மீ.-க்குள் பிள்ளை நின்றால் “உறுதியில்லை” என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். ரைடில் ஏற்றமாட்டார்களாம் என்று வீட்டிலேயே தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்ததைக் கேட்கும். நாற்பது நிமிடம் வரிசையில் நின்ற பிறகு தெரிந்துகொண்ட பிள்ளை அன்று முழுதும் அழும்.

இன்னொரு விதியை யாரும் சொல்வதில்லை. 122-க்குக் கீழே உள்ள பிள்ளை தனியாக ஏற முடியாது, பெரியவர் கூடவே வர வேண்டும். 5 வயதும் 6 வயதுமாக இரண்டு பிள்ளைகள், தலைசுற்றல் காரணமாக அம்மா ரைடில் ஏறமாட்டார் என்றால், ஒரே பெரியவருக்கு இரண்டு சவாரி. தாத்தா, பாட்டியைத் துணைப் பெரியவராகக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்கள் ஏறமாட்டார்கள். முதுகுவலி, இதய நோய், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வாசலிலேயே பலகை இருக்கிறது. சொல்லப்போனால் தாத்தா, பாட்டிக்கு யூனிவர்சல் டிக்கெட்டே தேவையா என்று கேட்டுப் பாருங்கள். யூனிவர்சல் இருக்கும் அதே ரிசார்ட்ஸ் வேர்ல்ட் வளாகத்தில், நடந்து போகும் தூரத்தில் சிங்கப்பூர் ஓஷனேரியம் இருக்கிறது. பழைய எஸ்.இ.ஏ. அக்வேரியம்தான், 2025 ஜூலையில் பெரிதாக்கித் திறந்தார்கள். ஏசி, உட்கார இடம், நிதானமாகப் பார்க்க மீன்கள். வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து பைகளுக்குக் காவல் இருப்பதற்கு முழு நுழைவுக் கட்டணம் கட்டுவதைவிட அது மேல். 60-க்கு மேற்பட்டவர்களுக்குத் தனி விலை உண்டா என்று அந்தத் தேதிக்குப் பார்த்துச் சொல்வதும் உங்கள் வேலை.

பெரிய ரைடில் அப்பா அம்மா இருவருக்கும் ஆசை, பிள்ளைக்கு உயரம் போதாது என்றால் அதற்கும் வழி இருக்கிறது. சைல்ட் ஸ்விட்ச் என்று வரிசை வாசலில் உள்ள பணியாளரிடம் கேட்க வேண்டும். குடும்பமாக வரிசையில் போய், ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, பிறகு மறுபடி வரிசை நிற்காமல் அவர் ஏறலாம். கூடுதல் காசு இல்லை. இது தெரியாமலேயே பாதிப் பெற்றோர் “நீ போய்ட்டு வா, நான் பார்த்துக்கிறேன்” என்று திரும்பி வந்துவிடுகிறார்கள்.

நீண்ட வரிசையைத் தவிர்க்க வாங்கும் எக்ஸ்பிரஸ் பாஸ் விஷயத்தில் உங்களிடம் கொஞ்சம் கறாராகவே பேச வேண்டியிருக்கிறது. “விஐபி, க்யூ இல்லை சார், நாலு பேருக்கும் போட்டுடலாம்” என்று விற்கிறீர்கள். எக்ஸ்பிரஸ் என்பது நுழைவு டிக்கெட் அல்ல, அதற்கு மேல் வாங்குவது. சாதா எக்ஸ்பிரஸில் பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரைடுக்கும் ஒரு முறைதான் குறுக்கு வரிசை. அன்லிமிடெட் என்பது வேறு, விலையும் வேறு. விலை தேதிக்குத் தேதி மாறும். நெரிசல் நாளில் நுழைவுக் கட்டணத்தையே தொட்டுவிடும், தாண்டவும் தாண்டும். ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். குறுக்கு வரிசை உயரத்தைக் கூட்டித் தராது. 98 செ.மீ. பிள்ளைக்கு எக்ஸ்பிரஸ் வாங்கினால், எந்த ரைடுகளில் வரிசை நீளமோ அந்த ரைடுகளில் பெரும்பாலானவற்றில் அவனால் ஏறவே முடியாது.

எங்கள் கணக்கு இப்படி. மூத்த பிள்ளை 125-ஐத் தாண்டியாயிற்று, போகும் நாள் சனி, ஞாயிறு அல்லது சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறை என்றால், மூத்த பிள்ளைக்கும் கூட ஏறும் ஒரு பெரியவருக்கும் மட்டும் எக்ஸ்பிரஸ். இளையதோடு மற்றவர் மினியன் லாண்டில் இருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் 107-க்குக் கீழே என்றால் எந்த நாளிலும் வேண்டாம். சாதாரண வார நாள் என்றால் முன்கூட்டியே வாங்க வேண்டாம். உள்ளே போய் ரைடு வாசல்களில் எழுதியிருக்கும் காத்திருப்பு நிமிடங்களைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் அங்கேயே வாங்கலாம். நெரிசல் நாளில் தீர்ந்துபோகும், அன்றைக்கு மட்டும் முன்பதிவு. உங்கள் கமிஷன் குறையும் என்பது தெரியும். வீண் எக்ஸ்பிரஸில் கிடைக்கும் கமிஷனைவிட, அடுத்த ஆண்டு அதே குடும்பம் துபாய்க்கு உங்களிடமே வருவது பெரிது.

நாளைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் கோளாறு டிக்கெட்டையே வீணாக்குகிறது. ராத்திரி விமானம் ஏறி விடியற்காலை சாங்கியில் இறங்குகிறார்கள். ஓட்டல் அறை பிற்பகலில்தான் கிடைக்கும். அதுவரை பொழுதைப் போக்க யூனிவர்சலைப் போட்டுவிடுகிறீர்கள். நம் நேரத்தைவிட அங்கே இரண்டரை மணி நேரம் முன்னால். பிள்ளை விமானத்தில் அரைகுறையாகத் தூங்கி, மதியம் ஒரு மணிக்குத் தள்ளுவண்டியில் சரிந்துவிடும். இறங்கும் நாளில் கார்டன்ஸ் பை த பே-யின் குளிர்க் கூடங்கள் போதும். யூனிவர்சலை இரண்டாம் நாளிலோ மூன்றாம் நாளிலோ வையுங்கள். யூனிவர்சலுக்கு முந்தைய நாள் இரவு நைட் சஃபாரி வேண்டாம். அது முடிந்து ஓட்டல் திரும்ப நள்ளிரவாகும், மறுநாள் காலை பூங்கா திறக்கும்போது வாசலில் நிற்க முடியாது.

வாசலில் நிற்பது முக்கியம். திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற ரைடுகள் மதியத்துக்கு மேல் இருமடங்கு நேரம் எடுக்கும். பல குடும்பங்களைச் சேர்த்து ஏற்றும் எஸ்.ஐ.சி. வண்டியில் போனால் நாலு ஓட்டலில் ஆள் ஏற்றிக்கொண்டு, திறந்து நேரம் கழித்துத்தான் இறக்குவார்கள். மாலை கூட்டம் குறையும் நேரம் பார்த்து ஏற்றிக்கொண்டும் போய்விடுவார்கள். உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் தங்குவது லிட்டில் இந்தியாவில். அங்கிருந்து எம்ஆர்டி ரயிலின் வடகிழக்குத் தடத்தில் மாறாமல் ஹார்பர்ஃபிரன்ட், ஐந்தாவது நிறுத்தம். மேலே விவோசிட்டி கடைத்தொகுதியின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், யூனிவர்சல் இருக்கும் செந்தோசா தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி, திரும்ப இலவசம். முதல் நிறுத்தமே ரிசார்ட்ஸ் வேர்ல்ட். நடக்கத் தெம்பிருந்தால் கடல்மேல் நடைபாதை, காசே இல்லை. அன்றைக்கு மட்டும் வண்டியை எடுத்துவிட்டு அந்தத் தொகையைக் குறைத்துக் கொடுங்கள். அதே நாளில் கேபிள் கார், மேடம் டுசோட்ஸ் என்று செந்தோசாவின் மற்றவற்றையும் ஒட்டவைக்காதீர்கள். யூனிவர்சல் ஒரு முழு நாள்.

உள்ளே எந்த ரைடு முதலில் என்பதற்கும் இரண்டு வார்த்தை. வெளியில் ஓடும் ரைடுகளைக் காலையிலேயே முடிக்கச் சொல்லுங்கள். பிற்பகலில் இடி மின்னல் வந்தால் கேனபி ஃபிளையர், எஞ்சான்டட் ஏர்வேஸ், பேட்டில்ஸ்டார் போன்றவை நின்றுவிடும். மழைக்காகப் பணம் திரும்ப வராது. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி, செசமி எல்லாம் கட்டடத்துக்குள் நடப்பவை, மழை நேரத்துக்கு அவை. ரேபிட்ஸ் ஏறினால் தொப்பலாக நனைய வேண்டியதுதான். நனைந்த சட்டையோடு ஏசி அரங்குக்குள் போனால் பிள்ளைக்கு நடுக்கம் எடுக்கும். ஒரு மாற்றுடையும் சின்னத் துண்டும் பையில் வைக்கச் சொன்னால் போதும். வாட்டர்வேர்ல்ட் காட்சியில் முன்வரிசைகளும் அப்படியே.

தேதி. நம் பள்ளிகளுக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை விடுமுறை. சிங்கப்பூர்ப் பள்ளிகளுக்கு மே கடைசியிலிருந்து நான்கு வாரம். ஆகவே மே இரண்டாவது, மூன்றாவது வார வேலைநாட்கள்தான் நமக்குக் கிடைக்கும் நல்ல இடைவெளி. மே முதல் வாரத்தில் சீனாவின் தொழிலாளர் தின விடுமுறைக் கூட்டம் இருக்கும், விசாக தின விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரையாண்டு விடுமுறை நேராக டிசம்பர் நெரிசலில் போய் விழும். பொங்கல் விடுமுறைக்கு அங்கே பள்ளி நடந்துகொண்டிருக்கும், கூட்டம் குறைவு. ஆனால் வடகிழக்குப் பருவமழை முழுதாக விட்டிருக்காது. காலாண்டு விடுமுறையில் போகிறவர்களுக்கு மட்டும் தனி எச்சரிக்கை வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடக்கும். அந்த இரவுகளில் பகல்நேரப் பூங்கா வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடும். இரவுக்கு வேறு டிக்கெட், பேய் வேடங்கள். சின்னப் பிள்ளைகளுக்கானது அல்ல. பெயரில் யூனிவர்சல் என்று இருப்பதைப் பார்த்து அதை மாற்றி வாங்கிவிடாதீர்கள். கூடவே, எந்த ரைடு எந்தத் தேதியில் பராமரிப்புக்காக மூடியிருக்கும் என்று பூங்காவின் தளத்தில் முன்கூட்டியே போடுகிறார்கள். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பார்க்கவே வரும் பையனுக்கு அது மூடியிருக்கும் நாளில் டிக்கெட் போடுவதற்குச் சாக்கே கிடையாது.

டிக்கெட் தேதி குறித்தது; அந்த நாளுக்கு மட்டும். மாற்றமும் ரத்தும் பெரும்பாலும் இல்லை. ஆகவே உயரமும் தேதியும் உறுதியான பிறகு வாங்குங்கள். கியூஆர் உள்ள பிடிஎஃப்-ஐக் குழுவாகப் போகிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மொத்தமாகக் கொட்டாதீர்கள். ஒரு குறியீடு ஒரு முறைதான் உள்ளே விடும். பக்கத்துக் குடும்பம் தெரியாமல் உங்கள் குடும்பத்துக்கான படத்தைக் காட்டிவிட்டால், வாசலில் நிற்பவர் உங்களுக்குத்தான் போன் அடிப்பார். குடும்பத் தலைவருக்குத் தனியே அனுப்பி, யாருக்கு எது என்று பெயரிட்டுக் கொடுங்கள்.

மலேசியாவையும் சேர்த்து விற்பவர்களுக்கு. மலைமேல் இருக்கும் உல்லாசத் தலத்தைக் கெந்திங் என்று ஒற்றைச் சொல்லாக எழுதிவிடுகிறீர்கள். அங்கே அவானா ஸ்கைவே கேபிள் காருக்கு ஒரு டிக்கெட், கட்டடத்துக்குள் இருக்கும் ஸ்கைட்ரோபோலிஸுக்கு ஒரு டிக்கெட், 2022-ல் திறந்த வெளிப்பூங்கா கெந்திங் ஸ்கைவேர்ல்ட்ஸுக்கு ஒரு டிக்கெட். மூன்றும் வேறு வேறு. கேபிள் கார் மட்டும் சேர்த்துவிட்டு ஸ்கைவேர்ல்ட்ஸ் படத்தை விளம்பரத்தில் போடுவது மோசடிக்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. மலைமேல் மூடுபனியும் மழையும் சகஜம் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஜொகூரில் இருக்கும் லெகோலாண்ட், 107-ஐத் தொடாத பிள்ளைக்கு யூனிவர்சலைவிடப் பொருத்தமான பூங்கா என்பதே எங்கள் கருத்து; அங்கே சின்னவர்களை வைத்துத்தான் ரைடுகளே அமைத்திருக்கிறார்கள். ஆனால் சிங்கப்பூரிலிருந்து ஒரே நாளில் போய் வருவதென்றால் எல்லைச் சோதனை இரண்டு தடவை. சிங்கப்பூர் விசா மல்டிபிள் என்ட்ரியா என்று பாருங்கள். மலேசியாவுக்கு டிஜிட்டல் வருகை அட்டை, திரும்பி நுழையச் சிங்கப்பூர் வருகை அட்டை மறுபடியும். வார இறுதியில் பாலத்தில் மணிக்கணக்காகும். பூங்கா, தண்ணீர்ப் பூங்கா, சீ லைஃப் ஆகியவற்றுக்குத் தனித்தனி டிக்கெட். எது உள்ளே, எது வெளியே என்று எழுதுங்கள்.

100-க்குக் கீழே ஒரே பிள்ளை, பெற்றோருக்கும் ரோலர் கோஸ்டரில் ஆசை இல்லை. அந்தக் குடும்பத்துக்கு யூனிவர்சலை விற்காமலேயே நல்ல பேக்கேஜ் போடலாம். ஒரு நாள் உயிரியல் பூங்கா, ஒரு நாள் பேர்ட் பாரடைஸோடு ரிவர் வொண்டர்ஸ், ஒரு மாலை ஓஷனேரியம். யூனிவர்சல் வாசலில் சுழலும் உருண்டைக்கு முன்னால் படம் எடுக்க டிக்கெட் தேவையில்லை. ஊரில் போய்க் காட்ட அந்தப் படம் ஒன்று போதும் என்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் கேட்டுத்தான் பாருங்களேன்.

கொட்டேஷனில் இனி யூனிவர்சல் வரி இப்படி இருக்கட்டும். “யூனிவர்சல் ஸ்டுடியோஸ், ஒரு நாள் நுழைவு, மே 12-க்கு மட்டும், ரத்து இல்லை. பெரியவர் 2. குழந்தை 2: வயது 12, உயரம் 141 செ.மீ., எல்லா ரைடும். வயது 5, உயரம் 106 செ.மீ., மம்மியும் பேட்டில்ஸ்டாரும் இல்லை, ரேபிட்ஸ் உறுதியில்லை. எக்ஸ்பிரஸ் சேர்க்கவில்லை. வண்டி இல்லை, எம்ஆர்டி. அன்று மூடியிருக்கும் ரைடுகள்: பயணத்துக்கு ஒரு வாரம் முன் பார்த்துச் சொல்கிறோம்.” பக்கத்தில் ஒவ்வொரு டிக்கெட்டின் விலையும் தனித்தனியே, மொத்தத் தொகைக்குள் புதைக்காமல். யூனிவர்சல் வேண்டாம் என்று சொல்லும் குடும்பத்துக்கு அந்தத் தொகையை முழுதாகக் கழித்துவிட்டுப் புதுக் கொட்டேஷன் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளோடு போகும் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர்ப் பயணத் திட்டம் போட்டுத் தரும் சிலர்